அலமேலு அம்மாளின் மெதுவான நாடி

வேகமாக ஓடும் நாடி எல்லோரையும் எழுப்பிவிடும். மானிட்டர் கத்தும், சொந்தக்காரர்கள் கத்துவார்கள், நேற்றுச் சேர்ந்த நர்ஸ்கூட ஓடிவருவாள். மெதுவாகப் போகும் நாடியைப் பார்த்தால் நமக்கு ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. நோயாளி அமைதியாக இருக்கிறார், நாடியும் அமைதியாக இருக்கிறது, அடுத்த கட்டிலுக்குப் போகலாம் என்று தோன்றும். இந்த வருடம் நர்ஸாகப் பணியில் சேர்ந்திருக்கும் உங்களிடம் நான் சொல்ல விரும்புவது அந்த நிம்மதியைப் பற்றித்தான்.

நான் ஓய்வுபெறுவதற்குச் சற்று முன்னால் வந்த ஆடிக் கிருத்திகை அது. திருத்தணியில் அந்த நாளில் ஊரே காவடியாகிவிடும் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து வருடா வருடம் மலைப்படியின் அடியில் ஒரு முதலுதவிப் பந்தல் போடுவோம். காலில் முள் குத்தியவர்கள், வெயிலில் மயங்கியவர்கள், நெரிசலில் கண்ணாடி உடைந்து முகத்தில் கீறிக்கொண்டவர்கள் என்று வந்துகொண்டே இருப்பார்கள். அன்று என்னோடு பந்தலில் இருந்த டாக்டர் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அரக்கோணத்துக்காரப் பெண். பெரிய டாக்டர் ஒருவர் ஏற்கெனவே இருந்ததால் நாங்கள் எல்லோரும் அவரைச் சின்ன டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். பெயரை எழுதினால் கோபித்துக்கொள்வார், அதனால் இங்கேயும் சின்ன டாக்டராகவே இருக்கட்டும். என் மகளைவிட இளையவர். நான் பார்த்த டாக்டர்களில் மனதில் மிக உயரத்தில் வைத்திருப்பது இவரைத்தான்.

வெயில் ஏறிய நேரம். படியிலிருந்து நாலைந்து பேர் ஒரு அம்மாளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அப்போதுதான் முடியிறக்கியிருந்தார். மொட்டைத் தலை முழுக்கச் சந்தனம். மஞ்சள் புடவை வியர்வையில் உடம்போடு ஒட்டியிருந்தது. பின்னாலேயே அவர் கணவர் செருப்பில்லாமல் ஓடிவந்தார். அம்மையார்குப்பத்தில் தறி போட்டிருக்கும் குடும்பம். அம்மாளின் பெயர் அலமேலு, கணவர் தணிகாசலம்.

"காலைலேர்ந்து பச்சத் தண்ணி பல்லுல படலீங்க. விரதம். வேணாம்மே, மோராவது குடின்னு சொல்லிகினேதான் வந்தேன். கேக்கல" என்றார் தணிகாசலம்.

கூட்டத்துக்கு அது போதுமானதாக இருந்தது. விரதம், வெயில், மயக்கம். ஒருவர் சோடா நீட்டினார். ஒருவர் குளுக்கோஸ் பொட்டலத்தைக் கிழித்தார். எனக்கும் அதுதான் தோன்றியது. அன்று காலையிலிருந்து அப்படி எத்தனையோ பேரைப் பார்த்து அனுப்பியிருந்தோம்.

சின்ன டாக்டர் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. மற்ற கையையும் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "சிஸ்டர், இங்க கொஞ்சம் வைங்க" என்றார்.

நான் விரல் வைத்தேன். ஒரு துடிப்பு. அடுத்தது வருமா என்று காத்திருக்க வேண்டியிருந்தது. நிமிடத்துக்கு நாற்பதைத் தொடவில்லை.

"பட்டினி கெடந்து வெயில்ல மயங்குனவங்களுக்கு நாடி ஓடணும் சிஸ்டர். இது நடக்கக்கூட மாட்டேங்குது. உடம்பு ஐஸா இருக்கு" என்றார் மெல்லிய குரலில்.

இதைத்தான் முதலில் உங்கள் மனதில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். உடம்பில் நீர் குறைந்தால், பயந்தால், வலித்தால் இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டப் பார்க்கும். வியர்த்துக் கொட்டி, ரத்த அழுத்தம் இறங்கிக் கிடக்கும் ஒருவருக்கு நாடி மட்டும் மெதுவாகப் போகிறது என்றால், அந்தத் தாளத்தைக் கொடுக்கும் இடத்திலேயே ஏதோ நடந்திருக்கிறது.

கூட்டத்தில் சட்டைப்பையிலிருந்து மாத்திரை எடுத்த ஒருவர், "ஹார்ட்டா இருந்தா இத நாக்குக்கு அடியில வைங்கம்மா. எங்க அண்ணனுக்கு இதான் உசுரு காப்பாத்துச்சு" என்று நீட்டினார். நல்ல மனசோடு நீட்டியதுதான். சின்ன டாக்டர் அவர் கையை அப்படியே மூடி, "அவருக்கு அது சரிங்க. இவங்களுக்கு இப்ப அது குடுத்தா இருக்கற பி.பி.யும் போயிடும்" என்றார். கோபமில்லாமல் சொன்னார். அந்த நெரிசலிலும் அந்த மனிதரின் முகம் சுருங்கவிடவில்லை.

சர்க்கரை பார்த்தோம், சரியாக இருந்தது. பந்தலுக்குப் பின்னால் துணி மறைத்து ஈ.சி.ஜி. எடுத்தோம். தாளில் கோடு ஓட ஓட அவர் முகம் மாறியது. இதயத்தின் அடிச்சுவரில் மாரடைப்பு. அதோடு, மேல் அறையும் கீழ் அறையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் தனித்தனியாக அடித்துக்கொண்டிருந்தன.

இந்தத் தொழிலுக்குப் புதியவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். இதயத்தின் மேல் அறையில் ஒரு சின்னத் திசு இருக்கிறது. யார் சொல்லியும் கேட்காமல், தானாகவே தாளம் போடுவது அதுதான். நடுவில் இன்னொரு திசு. மேலே போட்ட தாளத்தை வாங்கிக் கீழே அனுப்புவது அதன் வேலை. பெரும்பாலானவர்களுக்கு இந்த இரண்டுக்கும் ரத்தம் கொண்டுவருவது வலப்பக்கத்து ரத்தக்குழாய். இதயத்தின் அடிச்சுவருக்கும் அதே குழாய்தான். அங்கே அடைப்பு வந்தால் தசை மட்டும் தவிப்பதில்லை, தாளமும் தடுமாறும். அலமேலு அம்மாளுக்கு நடந்தது அது. நெஞ்சு வலி என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டபோது, "வலி இல்லீங்க. வாந்தி வர மாதிரி, யாரோ கீழ இழுக்கற மாதிரி இருக்குது" என்றார்.

ஆம்புலன்சுக்கு ஆள் அனுப்பியாயிற்று. ஆஸ்பிரின் கொடுத்தாயிற்று, சலைன் ஏறிக்கொண்டிருந்தது, நாடியைத் தூக்க ஊசி போட்டாயிற்று. நாங்கள் எல்லோரும் ஸ்ட்ரெச்சரைப் பற்றியும், கூட்டத்தை எப்படி விலக்குவது என்பதைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தோம். சின்ன டாக்டர் தணிகாசலத்திடம் வேறொன்றைக் கேட்டார்.

"ஐயா, இவங்க விழுந்தப்ப தலை படியில பட்டுச்சா?"

"தெரியலீங்களே. நான் ரெண்டு படி முன்னால போய்கினு இருந்தேன். திரும்பிப் பாத்தா யாரோ காவடி தூக்கினு வந்தவரு புடிச்சிகினு இருக்காரு."

"அவர் எங்க?"

யாருக்கும் தெரியவில்லை. தூக்கிக்கொண்டு வந்தவர்களில் அவர் இல்லை. சின்ன டாக்டர் எழுந்தார். பக்கத்துப் பந்தலில், காணாமல்போன குழந்தைகளுக்காக அறிவிப்புச் செய்யும் மைக் இருந்தது. அங்கே போய், வாங்கி, பேசினார்.

"படியில மயங்கி விழுந்த மஞ்சப் புடவை அம்மாவைப் பிடிச்ச காவடிக்காரர் எங்க இருந்தாலும் முதலுதவிப் பந்தலுக்கு வாங்க. நீங்க சொல்ற ஒரு வார்த்தை எங்களுக்கு வேணும். தயவுசெஞ்சு வாங்க."

எனக்கு அப்போது புரியவில்லை. ஆம்புலன்ஸ் வரும் நேரத்தில் இவர் எதற்கு மைக்கில் பேசிக்கொண்டிருக்கிறார் என்று தவித்தேன். பிறகுதான் தெரிந்தது. குழாயை அடைத்திருக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை அவர் மனதில் அப்போதே நினைத்துவிட்டார். தலையில் அடிபட்டவருக்கு அந்த மருந்து கொடுத்தால் மூளையில் ரத்தம் கசிந்துவிடலாம். கொடுக்கலாமா கூடாதா என்று ஆஸ்பத்திரியில் நின்று யோசிக்கும்போது, பார்த்த ஒரே சாட்சி இந்த ஜனக்கடலில் எங்கோ போயிருப்பார். அவரைப் பிடிக்க முடிந்த நேரம் அந்தச் சில நிமிடங்கள்தான்.

ஆள் வந்தார். பள்ளிப்பட்டுப் பக்கத்து விவசாயி. தோளில் காவடி இல்லை.

"நான்தாங்க புடிச்சது. எனக்கு முன்னாலதான் ஏறினாங்க. அப்டியே பின்னால சாஞ்சாங்க. காவடிய வுட்டுட்டுப் புடிச்சிகினேன். என் நெஞ்சு மேலதான் சாஞ்சாங்க. முட்டிதான் படியில பட்டுது. தலை படலீங்க."

"நல்லா தெரியுமா? உங்க வார்த்தைய வச்சுதான் நான் ஒரு மருந்து குடுக்கப்போறேன்."

அந்த மனிதர் மலையைப் பார்த்தார். "இன்னிக்கி இந்த எடத்துல நின்னுகினு பொய் சொல்லுவனாம்மா?" என்றார்.

சின்ன டாக்டர் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஆம்புலன்சுக்கு ஓடினார்.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்ததும், தணிகாசலத்திடம் கேட்டுக்கொண்டு, ஈரத்துணியால் அந்த மொட்டைத் தலையிலிருந்த சந்தனத்தை அவரே துடைத்தார். ஒரு பக்கம் விடாமல் விரலால் தடவிப் பார்த்தார். வீக்கமில்லை, கன்றலில்லை. சாட்சி சொன்னதையும் நம்பினார், தன் கண்ணாலும் பார்த்தார். அடிபடவில்லை என்று ஒருவர் சொல்லிவிட்டார் என்பதற்காக, தன் கையால் பார்ப்பதை அவர் விடவில்லை. இரண்டையும் செய்யுங்கள் பெண்களே, எப்போதும் இரண்டையும் செய்யுங்கள்.

பெரிய டாக்டர் ஊரில் இல்லை. கிருத்திகைக் கூட்டத்தில் போன் எதுவும் போகவில்லை. சென்னைக்கு அனுப்பிவிடலாம் என்றால் திருவள்ளூர் ரோடு முழுக்க வண்டி நின்றுகொண்டிருந்தது.

"சிஸ்டர், உங்களுக்கு என்ன தோணுது?" என்று என்னைக் கேட்டார்.

"வழியில நின்னுபோச்சுன்னா நம்ம கையில ஒண்ணும் இருக்காது டாக்டர்" என்றேன்.

"ஆங், எனக்கும் அதேதான்" என்றார். பிறகு தணிகாசலத்தை உட்காரவைத்து, தானும் எதிரில் உட்கார்ந்தார். நின்றுகொண்டு சொல்லவில்லை.

"ஐயா, அடைப்பு இருக்கு. கரைக்க மருந்து இங்கயே இருக்கு. குடுத்தா பொழைக்க நல்ல வாய்ப்பு இருக்கு. ஆனா இந்த மருந்துல ரத்தம் கசியற ஆபத்தும் கொஞ்சம் இருக்கு. குடுக்காம சென்னைக்குப் போறதுல அதவிடப் பெரிய ஆபத்து இருக்குன்னு நான் நினைக்கறேன். என் வீட்ல யாருக்காவது இப்படின்னா நான் குடுப்பேன்."

தணிகாசலம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க குடுங்கம்மா" என்றார்.

மருந்து ஏற ஆரம்பித்தது. நான் தலைமாட்டில் மானிட்டரைப் பார்த்தபடி நின்றேன். பாதி ஏறியிருக்கும். ஏற்கெனவே மெதுவாக வந்துகொண்டிருந்த பெரிய அலைகளுக்கு நடுவே இடைவெளி நீண்டது. இன்னும் நீண்டது. பிறகு அடுத்த அலை வரவேயில்லை. திரையில் சின்னச் சின்ன மேடுகள் மட்டும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தன. மேல் அறை தன் தாளத்தைப் போட்டுக்கொண்டே இருந்தது. கீழே அதைக் கேட்க யாருமில்லை. அலமேலு அம்மாளின் கண் மேலே செருகியது.

மறுபடியும் ஊசி போட்டோம், பலனில்லை. "சிஸ்டர், தொடையில பல்ஸ் பாருங்க" என்றவர், கையை முஷ்டியாக மடக்கி, அதன் பக்கவாட்டால், மார்பெலும்பின் இடது ஓரத்தில் ஓங்காமல் ஒரு குத்து விட்டார்.

திரையில் ஒரு பெரிய அலை எழுந்தது. என் விரலுக்கு அடியில் ஒரு துடிப்பு.

"வந்துச்சா?"

"வந்துச்சு டாக்டர்!"

இன்னொரு குத்து. இன்னொரு துடிப்பு. படித்திருக்கிறேன், பார்த்ததில்லை. மேல் அறை வேலை செய்து, கீழ் அறை மட்டும் சும்மா நிற்கும்போது, அப்படி ஒரு சின்ன அதிர்ச்சியே அதை அடிக்கவைத்துவிடும். எல்லா நோயாளிக்கும் செய்யும் காரியமில்லை இது. குத்துக்கு நாடி வரவில்லை என்றால் அந்தக் கணமே நிறுத்திவிட்டு மார்பை அழுத்தத் தொடங்கவேண்டும். அதற்காகத்தான் என் விரலை முதலில் தொடையில் வைக்கச் சொன்னார். தன் கையை நம்பும் முன் என் விரலைக் கேட்டார்.

குத்து, துடிப்பு. குத்து, துடிப்பு. அலமேலு அம்மாளுக்கு நினைவு திரும்பியது. கண்ணைத் திறந்து, "ஏம்மா என்ன அடிக்கிற? நான் ஒன்ன இன்னா பண்ணேன்?" என்றார்.

"திட்டுங்கம்மா. நல்லா திட்டுங்க. பேசிகினே இருங்க" என்றார் சின்ன டாக்டர், கையை நிறுத்தாமல். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. குரல் மட்டும் கொஞ்சமும் ஆடவில்லை.

"வலிக்குதும்மே."

"வலிக்கட்டும்மா. வலிக்கற வரைக்கும் நல்லதுதான்."

அவர் கை ஓய்ந்தபோது நான் மாறிக்கொண்டேன். அவர் தொடையில் விரல் வைத்தார். இன்னொரு நர்ஸ் நாடியைத் தூக்கும் மருந்தைச் சொட்டு சொட்டாக ஏற்ற ஏற்பாடு செய்தாள். திடீரென்று, நான் குத்தாத நேரத்தில், திரையில் ஒரு அலை வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. "நிறுத்துங்க சிஸ்டர்" என்றார். நிறுத்தினேன். மெதுவாகத்தான் வந்தது, ஆனால் விடாமல் வந்தது.

இப்போது நினைத்தாலும் எனக்கு ஆச்சரியம் அந்தக் குத்தில் இல்லை. அவ்வளவு நேரமும் அவர் ஒருமுறைகூட யாரையும் அதட்டவில்லை. பயம் இருந்தது, எனக்குத் தெரிந்தது. அதை எங்கள் யார் மேலும் இறக்கிவைக்கவில்லை. அதனால்தான் எங்கள் கைகள் நடுங்காமல் இருந்தன.

ரோடு விலகியதும் சாயங்காலம் சென்னைக்குப் புறப்பட்டோம். நானும் அவரும் ஆம்புலன்சில் போனோம். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் அடைப்பைச் சரிசெய்து, ரத்தநாளம் வழியாக இதயத்துக்குள் ஒரு மெல்லிய கம்பியை விட்டு, வெளியே ஒரு பெட்டியோடு இணைத்தார்கள். அலமேலு அம்மாளின் இதயம் தடுமாறினால் அந்தப் பெட்டி அடிக்கவைக்கும். தற்காலிக ஏற்பாடு.

அடுத்து வந்த சோதனை பொறுமைக்கானது. நாள் போனது. பெட்டிதான் அடித்துக்கொண்டிருந்தது. அவர்களின் மகன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன். அவன் எங்கள் ஆஸ்பத்திரிக்கு போன் செய்தான். சின்ன டாக்டர் ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், நிரந்தரமா ஒரு பேஸ்மேக்கர் வச்சிடுங்கன்னு நான் சொல்றேன். இங்க டாக்டருங்க பாக்கலாம் பாக்கலாம்னுகினே இருக்காங்க. நைனா சோறு துன்னமாட்டேங்கறாரு. அந்தப் பொட்டியவே பாத்துகினு குந்திகினு இருக்காரு. நீங்க சொன்னா நைனா கேப்பாரு. வச்சிடலாம்னு சொல்லுங்க மேடம்."

எத்தனையோ பேர் அந்த இடத்தில், 'உங்கள் இஷ்டம்' என்று போனை வைத்துவிடுவார்கள். இவர் சொன்னார்: "தம்பி, நான் சொல்றத ஒரு நிமிஷம் கேளுங்க. இதயத்தோட முன்பக்கச் சுவத்துல பெரிய அட்டாக் வந்து இப்படி ஆயிருந்தா, தாளத்தக் கடத்தற பாதையே செத்துப்போயிருக்கும், அப்ப மெஷின் வைக்கறத நானே வேகமா வைங்கன்னு சொல்லியிருப்பேன். அம்மாவுக்கு வந்தது அடிச்சுவத்துல. இதுல அந்தத் திசு பெரும்பாலும் மயங்கித்தான் கெடக்கும். ரத்தம் திரும்பி வந்துச்சுல்ல, சில நாள்ல முழிச்சிக்கும். முழிக்கலன்னா அப்ப வச்சிக்கலாம். அங்க இருக்கற டாக்டருங்க சும்மா உக்காந்திருக்கல, காத்துகினு இருக்காங்க. நாமளும் காத்திருக்கலாம்."

"முழிக்குமா மேடம்?" என்றான்.

"சத்தியம் பண்ண மாட்டேன். நம்பறேன்."

போனை வைத்த பிறகு என்னிடம் திரும்பி, "சிஸ்டர், ஞாயித்துக்கிழமை உங்களுக்கு வேலை இருக்கா?" என்று கேட்டார். ஜெபம் முடிந்ததும் வருகிறேன் என்றேன். எங்கள் நோயாளி எங்கள் கட்டிலை விட்டுப் போய்விட்டார், இனி நமக்கென்ன என்று நினைக்கத் தெரியாதவர் அவர். லோக்கல் ரயிலில் போனோம்.

நாங்கள் போன நேரத்தில் அங்கிருந்த இதய டாக்டர் கட்டிலருகில் நின்றுகொண்டிருந்தார். வயதானவர், நிதானமானவர். சின்ன டாக்டர் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டதும், "படியடியில ஈ.சி.ஜி. எடுத்தது நீங்கதானா? வாங்க, சரியான நேரத்துக்கு வந்தீங்க" என்று பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். அலமேலு அம்மாள் எங்களைப் பார்த்து, "அந்த அடிக்கிற அம்மா வந்துட்டாங்க" என்று கணவரிடம் சொன்னார். தணிகாசலம் எழுந்து நின்றார். மகன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டான்.

இதய டாக்டர் பெட்டியின் குமிழில் கை வைத்தார். "கொஞ்சம் கொஞ்சமா வேகத்தைக் குறைக்கறேன். அவங்களோடது வருதான்னு பாப்போம். வரலன்னா உடனே ஏத்திடுவேன், பயப்படாதீங்க."

குமிழ் திரும்பியது. திரையில் பெட்டி போடும் கோடுகள் ஒன்றுக்கொன்று விலகின. இன்னும் கொஞ்சம். அலமேலு அம்மாள் எங்கள் முகங்களையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன டாக்டரின் விரல் தானாகவே அவர் மணிக்கட்டுக்குப் போயிருந்தது.

பெட்டியின் கோடு வரவேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஒரு அலை வந்தது. அதன் முன்னால் ஒரு சின்ன மேடு, ஒழுங்காக. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். பெட்டி தானாக ஒதுங்கிக்கொண்டது. இதய டாக்டர் குமிழிலிருந்து கையை எடுத்தார்.

தணிகாசலத்துக்குத் திரையில் ஓடுவது எதுவும் புரியவில்லை. பெட்டியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பிறகு சின்ன டாக்டரைப் பார்த்தார்.

"டாக்டரம்மா, இப்ப அடிக்கறது எது? மெஷினா?"

சின்ன டாக்டர் மணிக்கட்டிலிருந்து தன் விரலை எடுக்காமல், தணிகாசலத்தின் கையை இழுத்து அந்த இடத்தில் வைத்தார்.

"இல்லீங்க. உங்க வீட்டம்மா."